நேனோ வி.என்.ஏ. எச்4: ஏற்காட்டு மலையில் இரண்டு வருஷம் சுமந்த பிறகு

ஆண்டெனாவை அளக்கும் இந்தக் கருவியை வாங்கலாமா என்று சேலம் பக்கத்து ஹாம் நண்பர்கள், அதாவது லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வாங்குங்கள். இரண்டாவது ரேடியோவுக்கு என்று காசு சேர்த்து வைத்திருந்தால், அந்தக் காசில் முதலில் இதை வாங்குங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் எனக்கு இதன் அருமை தெரிந்ததே ஒரு கெட்ட நாளுக்குப் பிறகுதான்.

முதலில் இது என்ன என்று தெரியாதவர்களுக்காக. செல்போனைவிடக் கொஞ்சம் தடித்த பிளாஸ்டிக் பெட்டி, 4 அங்குலத் தொடுதிரை, எஸ்.எம்.ஏ. என்ற குட்டித் திருகு சாக்கெட் இரண்டு, உள்ளே ரீசார்ஜ் பேட்டரி. ஒரு சாக்கெட் வழியாக மிகச் சின்ன சிக்னல் ஒன்றை ஆண்டெனாவுக்குள் அனுப்பி, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, அலைவரிசை வாரியாகக் கோடு போட்டுக் காட்டும். கோடு எங்கே பள்ளத்தில் இறங்குகிறதோ அங்கே ஆண்டெனா சிக்னலை நன்றாக வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் இந்த வேலையைச் செய்யும் ஆய்வகக் கருவிகள் லட்சக்கணக்கில் விலை, பொறியியல் கல்லூரியில் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்தால் உண்டு. ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் சாதாரணமாகக் கிடைக்கும் சில்லுகளை வைத்து வடிவமைத்து, வரைபடம் மென்பொருள் எல்லாவற்றையும் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். 2019 வாக்கில் சீனாவில் பல பட்டறைகள் அதைச் செய்து விற்க ஆரம்பித்தன. அதில் பெரிய திரை வைத்த வடிவம்தான் எச்4. நான் ஆன்லைனில் கொடுத்தது ஐயாயிரத்து எழுநூறு ரூபாய்.

சரி, அந்தக் கெட்ட நாள்.

2023-இல் ஏற்காட்டில் ஒரு சின்ன மலையோட்டம் நடந்தது, நானும் இன்னும் ஆறு பேரும் தகவல் தொடர்புக்குத் தன்னார்வலர்களாகப் போயிருந்தோம். ஹாம் ரேடியோவில் காசு வாங்கிக்கொண்டு செய்தி அனுப்பக்கூடாது, அது சட்டம். அதனால் இந்த மாதிரி வேலைகள் எல்லாம் சொந்தப் பெட்ரோல், சொந்தச் சாப்பாடு. அதில் எங்களுக்குக் குறையே கிடையாது, பயிற்சி கிடைக்கிறது என்பதே பெரிது. ஏற்காடு டவுனுக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்ட வீடு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முந்தின வருஷமே 2 மீட்டர் அலைநீளத்துக்கான, அதாவது 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஆண்டெனா ஒன்றை நட்டு, ஆர்.ஜி-58 என்ற மெல்லிய ஆண்டெனா கேபிளை 15 மீட்டர் இழுத்து, கீழே அறையில் 25 வாட் ரேடியோ வைத்திருந்தோம். அதுதான் நெட் கண்ட்ரோல், எல்லோருடைய பேச்சையும் ஒருங்கிணைக்கும் நிலையம். மற்றவர்கள் கையில் 5 வாட் ஹேண்டி என்ற கையடக்க ரேடியோ, குப்பனூர் ரோட்டுப் பக்கமும் தோட்டப் பாதைகளிலும் பிரிந்து நின்றார்கள்.

அங்கே செல்போன் சிக்னல் எப்படி என்று ஏற்காடு போனவர்களுக்குத் தெரியும். ஏரிப் பக்கம் நன்றாக இருக்கும், நாலு மலை மடிப்பு தாண்டினால் ஒரு கோடு, அதையும் தாண்டினால் அதுவும் இல்லை. எங்கள் 145 மெகாஹெர்ட்ஸும் நேர்கோட்டில் ஓடும் ஜாதிதான். சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர், சேலம் டவுன் 280 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உச்சியில் நின்றால் கணக்குப்படி 150 கிலோமீட்டர் வரைக்கும் சமவெளியில் ரேடியோ பார்வை கிடைக்கும், ஈரோட்டைத் தாண்டிப் பேசிவிடலாம். ஆனால் அதே மலையின் மடிப்புக்குள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்பவரைப் பிடிக்க முடியாது. மலையில் வேலை செய்பவர்களுக்கு இது பழகின விஷயம், அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆட்களை நிறுத்தினோம், முந்தின நாள் போய் ஒவ்வொரு இடத்திலும் பேசியும் பார்த்தோம். எல்லாம் காதில் விழுந்தது. கொஞ்சம் இரைச்சலோடு விழுந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று விடியற்காலையில் மழை. ஒன்பது மணி வாக்கில் ஒரு மடிப்பில் நின்ற தம்பி கூப்பிடுகிறான் என்று மட்டும் தெரிந்தது. "கண்ட்ரோல்... கண்ட்ரோல்..." அதற்கு மேல் முழுவதும் இரைச்சல். நான் திரும்பத் திரும்ப "மறுபடி சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க" என்கிறேன். கடைசியில் நடுவழியில் நின்ற இன்னொருவர் குறுக்கே வந்து அவன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சொன்னார். ஓடிவந்தவர் ஒருவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார், வண்டி வேண்டும். முதல் அழைப்பிலிருந்து வண்டி கிளம்பும்வரை பன்னிரண்டு நிமிடம். அவருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்ததும் சரியாகிவிட்டார், மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. மாரடைப்பாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோவிலிருந்து போன சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை என்று அர்த்தம். அதை மாட்டிப் பார்த்தால் 1.3. அதாவது பிரமாதம் என்று மீட்டர் சொல்கிறது. ரேடியோவை மாற்றிப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. மழை, பனிமூட்டம், மலையின் இரும்புத்தாது, பாக்சைட் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வாரமே இதை ஆர்டர் போட்டேன்.

வந்ததும் மலைக்கு எடுத்துப்போய், கேபிளைக் கழற்றி, மாடி முனையில் எதையும் மாட்டாமல் சும்மா விட்டுவிட்டு அறை முனையிலிருந்து அளந்தேன். மறுமுனை திறந்திருந்தால் போன சிக்னல் முழுவதும் அங்கே முட்டித் திரும்பவேண்டும், வழியில் கேபிள் தின்றது மட்டும்தான் குறையும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை தின்கிறது, ஆகவே திரையில் வரும் எண்ணில் பாதிதான் ஒருவழி இழப்பு. நல்ல ஆர்.ஜி-58 என்றால் 15 மீட்டருக்கு 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 3 டெசிபெல் ஒருவழி, அதாவது சக்தியில் பாதி போய்விடும், திரையில் 6 வரவேண்டும். எனக்கு வந்தது 14. ஒருவழி 7 டெசிபெல். நான் கொடுத்த 25 வாட்டில் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்ந்தது 5 வாட். இது அனுப்புவதற்கு. கேட்பதற்கும் அதே கதிதான், அந்தத் தம்பி 5 வாட்டில் கூப்பிட்டது எனக்கு 1 வாட்டில் கூப்பிட்ட மாதிரிதான் விழுந்திருக்கிறது.

இப்போது அந்த மீட்டர் ஏன் 1.3 காட்டியது என்று பாருங்கள், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்கவேண்டும் என்றால் அது இதுதான். திரும்பி வரும் சிக்னலைத்தான் மீட்டர் அளக்கிறது. கேபிளே வழியில் எல்லாவற்றையும் தின்றுவிட்டால் திரும்பி வர ஒன்றும் இருக்காது, மீட்டர் "அருமை" என்று சொல்லும். திரும்பி வருவது 14 டெசிபெல் குறைந்திருந்தால் எஸ்.டபிள்யூ.ஆர். கணக்கில் அது 1.5. மாடியில் ஆண்டெனாவையே பிடுங்கி எறிந்திருந்தாலும் என் மீட்டர் 1.5 தான் காட்டியிருக்கும், நான் எல்லாம் சரி என்று நம்பி உட்கார்ந்திருப்பேன். எத்தனை நிலையங்களில் இந்த மாதிரி பழைய கேபிளும் நல்ல எஸ்.டபிள்யூ.ஆரும் ஜோடியாக இருக்கின்றனவோ. எங்கள் வட்டத்திலேயே இதற்கப்புறம் மூன்று பேர் வீட்டில் இதே பிரச்சினையைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அடுத்து, பழுது எங்கே? கேபிளுக்குள் சிக்னல் எத்தனை மீட்டரில் முட்டித் திரும்புகிறது என்று பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். டிஸ்ப்ளே மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்து லோ பாஸ் இம்பல்ஸ் தேர்ந்தெடுத்து, வெலாசிட்டி ஃபேக்டரில் 66 என்று கொடுக்கவேண்டும். ஆர்.ஜி-58, ஆர்.ஜி-213 போன்ற கெட்டிப் பாலித்தீன் கேபிளில் சிக்னல் ஒளியின் வேகத்தில் 66 சதவீதத்தில்தான் ஓடும், இதைத் தப்பாகக் கொடுத்தால் தூரமும் தப்பாக வரும். நுரை வைத்த கேபிளுக்கு எண் வேறு, கேபிள் விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிமட்டத்திலிருந்து 300 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகள் வைத்து ஓட்டினால் 33 மீட்டர் வரைக்கும் கேபிளுக்குள் எட்டிப் பார்க்கலாம். எங்களுக்கு முனையில் வரவேண்டிய பெரிய மேடு 15 மீட்டரில் வந்தது, அதற்கு முன்னால் ஒன்பதரை மீட்டரில் ஒரு குட்டி மேடு. டேப் பிடித்துக்கொண்டு போனோம். ஓட்டுச் சாய்ப்புக்கு அடியில் கேபிள் நுழைகிற இடம். கையால் தடவிப் பார்த்தால் கறுப்பு உறையில் பல் தடம். சின்னத் தடம், அணிலோ எலியோதான். அந்தக் கடி வழியாக ஒரு மழைக்காலத் தண்ணீர் முழுவதும் உள்ளே பின்னல் கம்பியோடு ஊர்ந்து போயிருக்கிறது. வெட்டிப் பார்த்தபோது செம்பு நிறமே இல்லை, கருத்துப்போய், இரண்டு பக்கமும் முழக் கணக்கில் பச்சை பூத்திருந்தது.

மூங்கில் ஏணியில் நின்றுகொண்டு அந்தக் கடித்த இடத்தைக் கண்ணால் பார்த்த நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. மலை மேல் பழி போட்டிருந்தோம், மழை மேல் பழி போட்டிருந்தோம், கூப்பிட்ட தம்பியின் ஹேண்டி மேல்கூடச் சந்தேகப்பட்டிருந்தோம். அவனைக் கூப்பிட்டு முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

கேபிளை ஆர்.ஜி-213 ஆக மாற்றினோம். தடித்த கேபிள், வளைக்க முரண்டு பிடிக்கும், ஆனால் 15 மீட்டருக்கு ஒன்றேகால் டெசிபெல் சொச்சம்தான் தின்னும். சாய்ப்புக்கு அடியில் வரும் பகுதியை மட்டும் பி.வி.சி. குழாய்க்குள் விட்டோம். இதில் இன்னொரு பாடமும் கிடைத்தது. கேபிள் முனையில் வரும் பி.எல்-259 கனெக்டரை நானே ஈயம் வைத்து மாட்டியிருந்தேன், அளந்தால் கோடு நடுங்குகிறது, கேபிளை லேசாக அசைத்தால் ஓடுகிறது. செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டுக்குப் பக்கத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "சூடு பத்தலை தம்பி. ஈயம் மேல உட்கார்ந்திருக்கு, உள்ள ஓடலை." அவரே உட்கார்ந்து சுத்தம் செய்து, பெரிய சால்டரிங் அயர்னில் நன்றாகச் சூடேற்றி, ஈயத்தை ஓடவிட்டுக் கொடுத்தார். கருவியில் மாட்டி அசைத்துப் பார்த்தேன், கோடு கல் மாதிரி நின்றது. இப்போது எங்கள் குழுவில் யாருக்குக் கனெக்டர் போடவேண்டும் என்றாலும் அவர் பட்டறைக்குத்தான் போகிறோம், அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நாங்கள் அளந்து காட்டுவோம், அவருக்கும் அந்தத் திரையைப் பார்ப்பதில் ஒரு ஆசை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள் அல்லவா, அப்போது அந்தத் தோட்ட வீட்டு நிலையம் கார் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலும் மாலையிலும் மேலே இருப்பவரும் கீழே சேலத்தில் நாங்களும் பேசிச் சரிபார்த்துக்கொண்டோம். பெரிய அவசரச் செய்தி எதுவும் அனுப்பவேண்டி வரவில்லை. ஆனால் கூப்பிட்டால் காதில் விழும் என்று எண்ணோடு தெரிந்து உட்கார்ந்திருப்பதற்கும், விழும் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இரண்டு நாளில் உணர்ந்தேன்.

இனி பயன்படுத்துவது பற்றி. தராசில் சரக்கு வைக்கும் முன் முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி ஒவ்வொரு முறையும் முதலில் கேலிபரேஷன் செய்யவேண்டும். கூடவே ஓபன், ஷார்ட், லோடு என்று மூன்று குட்டி மூடிகள் வரும், மெனு சொல்லும் வரிசையில் ஒவ்வொன்றாக மாட்டி அழுத்தினால் முடிந்தது, இரண்டு நிமிட வேலை. அலைவரிசை எல்லையை மாற்றினால் திரும்பச் செய்வது நல்லது. இதைச் செய்யாமல் அளந்துவிட்டு "கருவி பொய் சொல்கிறது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். லோடு மூடியை மல்டிமீட்டரில் ஒரு முறை அளந்து பாருங்கள், 50 ஓம் வரவேண்டும். எனக்கு வந்தது 54 ஓம். விற்றவரிடம் பேசிப் பார்த்தேன், படம் அனுப்பினேன், "எல்லாம் இப்படித்தான் சார்" என்று பதில் வந்தது, மாற்றிக் கொடுக்கவில்லை. தனியாக நல்ல லோடு ஒன்று வாங்கிக்கொண்டேன். இந்த வடிவத்தைப் பலர் செய்கிறார்கள், தரம் ஆளுக்கு ஆள் மாறும், உள்ளே தகரக் கவசம் இல்லாத மலிவுப் பிரதிகளும் உலவுகின்றன, அதனால் பெட்டியைப் பிரித்தவுடனே இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

எஸ்.எம்.ஏ. சாக்கெட் மென்மையானது. தடித்த ஆர்.ஜி-213-ஐ அடாப்டர் போட்டு நேராக அதில் தொங்கவிட்டால் சாக்கெட் கழன்றுவிடும். ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய கேபிளை நிரந்தரமாக மாட்டிவைத்து, அதன் நுனியில் கேலிபரேஷன் செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஒருவருடைய கருவி போனது வேறு விதத்தில். மாடியில் ஒரு ஆண்டெனாவை அளந்துகொண்டிருக்கும்போது, பத்தடி தள்ளி இருந்த இன்னொரு ஆண்டெனாவில் கீழே ஒருவர் 25 வாட்டில் பேச ஆரம்பித்துவிட்டார். இது மில்லிவாட் கணக்கில் வேலை செய்யும் பொருள், அவ்வளவைத் தாங்காது. அன்றிலிருந்து எங்கள் வழக்கம், மேலே கருவி இருக்கும்போது கீழே எல்லா ரேடியோவின் பவர் வயரையும் கழற்றி, அளப்பவர் கையிலேயே கொடுத்துவிடுவது. அப்புறம் ஏப்ரல், மே மாதங்களில் சேர்வராயன் மலையில் மதியத்துக்கு மேல் இடி கட்டும், அப்போது நீளக் கம்பி ஆண்டெனாவில் நிலைமின்சாரம் ஏறி நிற்கும். மாட்டும் முன் கனெக்டரின் நடு ஊசியையும் வெளிவளையத்தையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கருவியில் மாட்டவேண்டும். இடிச் சத்தம் கேட்டால் அளவே வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

குறை என்று பார்த்தால் திரை. அறைக்குள் அழகாகத் தெரியும், வெயிலில் மொட்டைமாடியில் நின்றால் ஒன்றும் தெரியாது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறேன். எழுத்தும் மெனுவும் பொடி, நாற்பது வயது தாண்டியவர்களுக்குக் கண்ணாடி கட்டாயம். 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே சிக்னலின் மடங்கு அலைகளை (ஹார்மோனிக்) வைத்து அளப்பதால் துல்லியம் படிப்படியாகக் குறையும், 70 சென்டிமீட்டர் அலைநீளத்து ஆண்டெனாவுக்குப் போதுமானது, அதற்கு மேலே நுட்பமான ஃபில்டர் வேலைக்கு நான் இதை நம்பமாட்டேன். ஹேண்டியோடு வரும் குட்டி ரப்பர் ஆண்டெனாவை இதில் மாட்டி அளந்து குழம்பாதீர்கள், அந்த ஆண்டெனாவுக்கு ரேடியோவின் உடம்பும் பிடித்திருக்கும் நம் கையும்தான் மறுபாதி, இந்தப் பெட்டியில் மாட்டினால் வேறு கணக்கு வரும். விளக்கப் புத்தகம் என்று ஒன்றும் வரவில்லை, மடித்த ஒரு தாள்தான். நான் தமிழில் ஒரு பக்கத்தில் படிப்படியாக எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், குழுவில் யார் எடுத்துப் போனாலும் கேள்வி கேட்காமல் செய்துவிடுகிறார்கள்.

இதை நான் அதிகமாக நேசிப்பது பள்ளிப் பிள்ளைகளோடு உட்காரும்போது. போன வருஷம் சேலத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு எடுத்தோம். தடித்த செம்புக் கம்பி, பி.எல்-259-க்கு ஜோடியான எஸ்.ஓ-239 சாக்கெட் ஒன்று, நட்டு போல்ட்டு, அவ்வளவுதான் பொருள். நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி, நாலு பக்கமும் நாலு கம்பி, கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா. 145 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக்கம்பி 49 சென்டிமீட்டர் வரும், வேண்டுமென்றே 52 விட்டுக் கருவியில் மாட்டினோம். பள்ளம் 137 பக்கம் நிற்கிறது. ஒரு பெண் கட்டிங் பிளேயரால் ஒரு சென்டிமீட்டர் நறுக்கினாள், பள்ளம் கிட்டத்தட்ட 3 மெகாஹெர்ட்ஸ் வலது பக்கம் நகர்ந்தது. வகுப்பே எழுந்து வந்து நின்றுவிட்டது. இன்னொன்று, இன்னொன்று என்று நறுக்கி, கடைசியில் அரம் வைத்துத் தேய்த்து 145-இல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அப்போதும் பள்ளம் அடிவரை இறங்கவில்லை. நாலு கம்பியும் மட்டமாக நீட்டியிருந்தால் ஆண்டெனாவின் தடை 36 ஓம் வாக்கில் நிற்கும், ரேடியோவும் கேபிளும் எதிர்பார்ப்பது 50 ஓம். ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கிக் குடை மாதிரி வளைக்கச் சொன்னேன். 45 பாகை வளைந்தபோது 50 ஓமை ஒட்டி வந்துவிட்டது. அலைநீளமும் மின்தடையும் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் அதைக் கண்ணால் நகர்வதைப் பார்த்தார்கள். சூத்திரம் எழுதிப் போட்டுப் பத்து வகுப்பு எடுத்தாலும் இது வராது.

அதே ஆண்டெனாவில் ஹேண்டியை மாட்டி, சர்வதேச விண்வெளி நிலையம் மேலே போகும் நேரம் பார்த்து 145.800 மெகாஹெர்ட்ஸில் வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று பேச்சு எதுவும் விழவில்லை, அதைப் பற்றி யாரும் வருத்தப்படவும் இல்லை. காத்திருந்த நேரத்தில் 2004 சுனாமிக் கதையைச் சொன்னேன். வி.யு.2 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறி கொண்ட ஹாம் பாரதி பிரசாத் அந்த டிசம்பரில் ரேடியோ நிகழ்ச்சிக்காகத்தான் குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார், அந்தமானிலிருந்து உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர், 26-ஆம் தேதி அலை வந்ததும் அதே ரேடியோக்களை வைத்து அங்கே இருப்பவர்கள் நலமா இல்லையா என்று வெளியே தகவல் சொல்லும் வேலையில் இறங்கிவிட்டார். கம்பி நறுக்கிய பெண் கேட்டாள், "சார், லைசென்ஸ் வாங்க எத்தனை வயசாகணும்?" 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம், அவளுக்கு 13. ஆரம்ப நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு தேவையில்லை, ஜெனரல் கிரேடுக்கு மட்டும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்களுக்கு ஒன்று. தேர்வு எழுதி, லைசென்ஸ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் ஒரு நொடிகூட டிரான்ஸ்மிட் செய்யக்கூடாது. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வேலை செய்ய ரேடியோவை அழுத்தியாகவேண்டும், ஆகவே அது உங்களுக்கு உதவாது. இந்தக் கருவிக்கு ரேடியோவே வேண்டாம். காத்திருக்கும் மாதங்களில் ஆண்டெனா செய்து, அளந்து, கலைத்து, திரும்பச் செய்து கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளலாம். லைசென்ஸ் வந்த அன்று உங்கள் மாடியில் ஒழுங்கான ஆண்டெனா தயாராக நிற்கும்.

கடைசியாக 40 மீட்டர் அலைநீளத்துக்கான டைபோல், அதாவது நடுவில் கேபிளை இணைத்து இரண்டு பக்கமும் நீட்டும் கம்பி ஆண்டெனா. மலையில் சில்வர் ஓக் மரங்கள் நெட்டையாக நிற்கின்றன, மிளகுக் கொடி ஏறாத மரம் ஒன்றைப் பார்த்து நடுவில் கட்டித் தூக்கி இரண்டு பக்கமும் சரித்து இறக்கினோம். கணக்குப்படி 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் சொச்சம், கொஞ்சம் கூடுதலாகவே விட்டிருந்தோம், கருவியில் பார்த்தால் 6.85-இல் நிற்கிறது. பக்கத்துக்கு 37 சென்டிமீட்டர் மடித்துக் கட்டினோம், ஒரே முறையில் வந்து உட்கார்ந்தது. முன்பு இதே வேலைக்கு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒரு முழு ஞாயிறு போகும், அன்று பதினொரு மணிக்கே முடித்துவிட்டுக் கீழே வந்து டவுனில் தட்டுவடை செட் சாப்பிட்டோம். மடித்துக் கட்டுங்கள், வெட்டாதீர்கள், பனிக்காலத்தில் இலை ஈரம் ஏறினால் கொஞ்சம் நகரும், அப்போது மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் பேட்டரி ஒரு காலை வேலைக்குத் தாங்குகிறது, முழு நாள் என்றால் பவர் பேங்க் எடுத்துப் போகிறேன். கருவியோடு பிக்டெயில் என்ற மெல்லிய குட்டிக் கேபிள் இரண்டு, நல்ல லோடு, பி.எல்-259-க்கும் பி.என்.சி-க்கும் அடாப்டர் என்று கூட ஓர் எண்ணூறு ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சேலம் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது கேபிளில் சந்தேகம் இருந்தால், வாங்கும் முன்னால் எங்கள் குழுவில் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பயன்படுத்திப் பாருங்கள். இந்த மாதம் மழைக்கு முன் தோட்ட வீட்டுக் கேபிளைத் திரும்ப அளக்கவேண்டியிருக்கிறது, போன முறை திரையில் 2.6 வந்தது, குழாய்க்குள் விட்ட பகுதி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இதன் கீழேயே எழுதுகிறேன்.